மனு கருத்துருவாக மாறும் இடம்

வாசகர் கேள்வி:

ஐயா, எங்கள் ஊராட்சி கிழக்குத் தொடர்ச்சி மலையில் உள்ளது. 11 குக்கிராமங்கள், 3,640 பேர். மகளிர் சுய உதவிக் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் நான் செயலாளர். எங்கள் துணை சுகாதார நிலையத்தின் கிராம சுகாதார செவிலியர் மாறுதலாகிப் போய் 26 மாதங்கள் ஆகின்றன. பக்கத்து நிலையத்துச் செவிலியர் கூடுதல் பொறுப்பாகப் புதன்கிழமை மட்டும் வருகிறார். ஆரம்ப சுகாதார நிலையம் 19 கிலோமீட்டர். தாலுகா அரசு மருத்துவமனை 46 கிலோமீட்டர். சென்ற ஆண்டு இரண்டு பெண்களுக்கு ஜீப்பிலேயே பிரசவம் ஆனது. பாம்பு கடித்த ஒருவரை ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மேல் சிகிச்சைக்கு அனுப்பினார்கள், வழியிலேயே இறந்துவிட்டார். இதுவரை ஏழு மனுக்கள் கொடுத்தோம். ‘உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது’ என்றே ஏழு முறையும் பதில் வந்தது. அடுத்த மாதம் சட்டமன்றப் பேரவையின் மனுக்கள் குழு எங்கள் மாவட்டத்துக்கு வருகிறது. சுகாதாரத் துறை உயர் அதிகாரிகளும் இருப்பார்களாம். எங்களுக்குப் பத்து நிமிடம் கிடைக்கலாம். 30 படுக்கை மருத்துவமனை, மருத்துவர், 108 ஊர்தி, சாலை, செல்பேசி கோபுரம் என 14 கோரிக்கைகளை எழுதி வைத்திருக்கிறோம். எதை முதலில் சொல்வது? ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் எங்களுக்காகப் பேசுகிறேன் என்கிறார். எங்கள் மலைப் பேச்சைக் கேட்டால் அதிகாரிகள் சிரிப்பார்கள் என்று குழுவில் சிலர் தயங்குகிறார்கள். என்ன செய்யலாம்?

(பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

பொது சுகாதாரத் துறையில் 31 ஆண்டுகள் பணியாற்றி, அதில் கடைசி ஆறு ஆண்டுகள் ஒரு சுகாதார மாவட்டத்தின் துணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் ஏழு மனுக்களைப் போன்ற பல நூறு மனுக்கள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. ‘உரிய நடவடிக்கைக்காக’ என்று எழுதி அவற்றை அடுத்த மேசைக்கு அனுப்பிய கையெழுத்துகளில் என்னுடையதும் உண்டு. ஆகவே அந்த வாசகம் ஏன் எழுதப்படுகிறது என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

மனு என்பது ஒரு குறையைத் தெரிவிக்கும் தாள். அரசு அலுவலகத்தில் ஒரு பணியிடத்தை நிரப்பவோ, ஒரு மருந்தை ஒதுக்கவோ, ஒரு கட்டடத்தைப் பழுதுபார்க்கவோ தேவைப்படும் தாளுக்கு வேறு பெயர்; அதைக் கருத்துரு என்பார்கள். என்ன தேவை, எந்த விதிமுறையின்படி தேவை, இப்போது என்ன இருக்கிறது, எவ்வளவு செலவாகும், எந்த நிதித் தலைப்பிலிருந்து அந்தச் செலவைச் செய்வது, பரிந்துரைப்பவர் யார் என்ற விவரங்கள் அதில் இருக்க வேண்டும். மனு கருத்துருவாக மாறாத வரையில் அது மேசைக்கு மேசை நகர்ந்துகொண்டே இருக்கும், ஒவ்வொரு நகர்வுக்கும் உங்களுக்கு ஒரு பதில் கடிதம் வரும், செவிலியர் மட்டும் வரமாட்டார்.

இதில் வெளியில் இருப்பவர்கள் பெரும்பாலும் அறியாத ஒன்று உண்டு. மனுக்கள் குழுவின் தலைவரோ துறைச் செயலாளரோ உங்கள் கோரிக்கையைக் கேட்டு மனம் இரங்கினாலும், அந்த இடத்திலேயே ஆணை பிறப்பித்துவிட முடியாது. செயலாளர் இயக்குநரிடம் அறிக்கை கேட்பார். இயக்குநர் அலுவலகம் அதே கடிதத்தை மாவட்ட சுகாதார அலுவலருக்கு அனுப்பும். அவர் அதை வட்டார மருத்துவ அலுவலருக்கு அனுப்புவார். வட்டார மருத்துவ அலுவலர் தம் அலுவலகத்தில் அமர்ந்து எழுதுகிற நான்கு வரிகள்தான், மேலே போகிற ஒவ்வொரு படியிலும் முகப்புக் கடிதம் மட்டும் மாறி, கடைசியில் செயலாளர் மேசையில் ‘கள அறிக்கை’ என்ற பெயரில் போய் நிற்கின்றன. அந்த நான்கு வரிகள் ‘கூடுதல் பொறுப்புச் செவிலியர் மூலம் சேவை தொய்வின்றி நடைபெறுகிறது’ என்று இருந்தால், சென்னையில் நீங்கள் யாரைப் பார்த்தாலும் கோப்பு முடிந்துவிடும். ‘பணியிடம் 26 மாதங்களாகக் காலி, மலைப்பகுதி, உடனடியாக நிரப்பப் பரிந்துரைக்கப்படுகிறது’ என்று இருந்தால் அதே கோப்புக்கு உயிர் வரும். கொள்கை வகுப்பவரிடம் வாதாடுவதற்கான முதல் வேலை உங்கள் வட்டாரத்திலேயே இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

எனவே குழு வருவதற்குக் குறைந்தது மூன்று வாரங்களுக்கு முன்பு வட்டார மருத்துவ அலுவலரைச் சென்று பாருங்கள். புகார் சொல்லும் முகத்துடன் போக வேண்டாம். ‘மனுக்கள் குழுவிடம் இந்த ஒன்றைக் கேட்கப் போகிறோம், உங்களிடம் அறிக்கை கேட்பார்கள், எங்கள் கணக்கு சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள்’ என்று போங்கள். பெரும்பாலான வட்டார மருத்துவ அலுவலர்கள் ஆள் பற்றாக்குறையால் தாங்களே நொந்துபோயிருப்பவர்கள். மேலே எழுதுவதற்கு ஒரு காரணம் கிடைத்தால் எழுதுவார்கள். நான் வட்டாரத்தில் இருந்த காலத்தில் எனக்கு அப்படி ஒரு காரணத்தை யாரும் கொண்டுவந்து தந்ததில்லை என்பதையும், அதனால் நானே சில இடங்களில் ‘தொய்வின்றி நடைபெறுகிறது’ என்று எழுதியிருக்கிறேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தி, உங்கள் நிலையத்தின் பணியிடம் ‘அனுமதிக்கப்பட்ட’ பணியிடமாக இன்னும் அங்கேயே இருக்கிறதா என்பது. அனுமதிக்கப்பட்ட பணியிடம் காலியாக இருந்தால் அதை நிரப்புவது துறைக்குள்ளேயே முடிகிற வேலை; இடமாறுதல் கலந்தாய்வில் அந்த இடத்தைக் காட்டலாம், புதிய நியமனத்தில் ஒதுக்கலாம், அதுவரை மாற்றுப் பணியில் ஒருவரை அனுப்பலாம். அந்தப் பணியிடமே வேறு ஊருக்கு மாற்றப்பட்டிருந்தால், புதிதாக ஒரு பணியிடம் உருவாக்க நிதித்துறையின் ஒப்புதலும் அரசாணையும் வேண்டும். அது ஆண்டுக் கணக்கில் ஆகும். இரண்டுக்கும் ஒரே மனுவை எழுதுவது, காய்ச்சல் என்றவுடன் எதனால் காய்ச்சல் என்று பாராமல் மாத்திரை கொடுப்பதைப் போன்றது.

வாய்மொழியாகக் கிடைக்கும் பதிலை எழுத்தில் பெறுவதற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. மாவட்ட சுகாதார அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, இன்றே விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள். பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு என்பதால் தாமதித்தால் குழு வந்து போய்விடும். ‘ஏன் செவிலியரை நியமிக்கவில்லை’ என்று கேட்காதீர்கள். காரணம் சொல்லும் கடமை அந்த அலுவலருக்கு இல்லை, ஆவணத்தில் உள்ளதைத் தரும் கடமைதான் உண்டு. அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, காலியான நாள் எது, கூடுதல் பொறுப்பு ஆணையின் நகல், நடமாடும் மருத்துவக் குழுவின் கடந்த 12 மாதப் பயணத் திட்டத்தின் நகல், அந்த வட்டாரத்தில் பாம்புக்கடி எதிர்நச்சு மருந்தின் இருப்புப் பதிவேட்டு நகல் என்று ஆவணங்களின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

இப்போது உங்கள் 14 கோரிக்கைகளுக்கு வருகிறேன். மனுக்கள் குழு ஒரு மனுவில் ஒரே பொருள்தான், அதுவும் ஒரே துறையைச் சார்ந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. சாலை ஊரக வளர்ச்சித் துறைக்கோ நெடுஞ்சாலைத் துறைக்கோ உரியது. வனப் பகுதி என்றால் வனத்துறையும் சேரும். செல்பேசி கோபுரம் மாநில அரசின் கையிலேயே முழுமையாக இல்லை. மருத்துவத்திலேயே கூட, துணை சுகாதார நிலையமும் ஆரம்ப சுகாதார நிலையமும் பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்து இயக்ககத்தின் கீழ் வருகின்றன; தாலுகா அரசு மருத்துவமனை மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இயக்ககத்தின் கீழ் வருகிறது. இரண்டு இயக்குநர்களும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும்போது இருவருக்கும் பொதுவான மனுவைக் கொடுத்தால் ஒருவர் மற்றவரைப் பார்ப்பார். அந்தப் பார்வையை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

30 படுக்கை மருத்துவமனைக் கோரிக்கையைக் கைவிடுங்கள் என்று சொன்னால் உங்கள் ஊரார் என் மேல் கோபப்படுவார்கள். ஆனாலும் சொல்கிறேன். இந்தியப் பொது சுகாதாரத் தர விதிமுறைகளின்படி சமவெளியில் 5,000 பேருக்கும் மலை மற்றும் பழங்குடிப் பகுதிகளில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம். சமவெளியில் 30,000 பேருக்கும் மலையில் 20,000 பேருக்கும் ஒரு ஆரம்ப சுகாதார நிலையம். 30 படுக்கை கொண்ட நிலையத்துக்கு மலையில்கூட 80,000 பேர் வேண்டும். உங்கள் ஊராட்சியில் 3,640 பேர். மருத்துவமனை கேட்டால் விதியைக் காட்டி ஒரே வரியில் மறுத்துவிடுவார்கள்; அந்த மறுப்போடு சேர்ந்து நியாயமான கோரிக்கைகளும் கோப்பில் புதைந்துவிடும். அதே விதி துணை நிலையம் பற்றிய வாதத்தில் உங்கள் பக்கம் நிற்கிறது. ஒரு செவிலியர் 3,000 பேரைப் பார்க்க வேண்டிய மலையில், உங்கள் 3,640 பேரையும் தம் சொந்த நிலையத்து மக்களையும் சேர்த்து ஒருவரே பார்க்கிறார். அவருடைய நிலையத்தின் மக்கள்தொகையையும் கேட்டு அறிந்து, இரண்டையும் கூட்டி, பக்கத்தில் 3,000 என்ற எண்ணை எழுதிவிடுங்கள். அரசின் அளவுகோலால் அரசின் சேவையை அளந்து காட்டும்போது மறுப்பு எழுதுவது கடினம்.

மக்கள்தொகை எண்ணில் ஒரு சிக்கல் வரும். அலுவலகங்கள் 2011 கணக்கெடுப்பையே இன்னும் புரட்டும். அதில் உங்கள் ஊராட்சி 3,000-க்குக் கீழே இருக்கக்கூடும். செவிலியர் வீடு வீடாக எடுக்கும் குடும்பக் கணக்கெடுப்பின் எண்ணை, எந்த ஆண்டின் கணக்கு என்ற குறிப்போடு எழுதுங்கள்.

அடுத்தது, நீங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட எழுதாத விஷயம்: அந்த இடம் ஏன் 26 மாதங்களாகக் காலியாகக் கிடக்கிறது? கலந்தாய்வில் மலை நிலையத்தின் பெயர் திரையில் வந்ததும் செவிலியர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. துணை நிலையத்தை ஒட்டிய குடியிருப்பில் கூரை ஒழுகும், கழிவறைக் கதவு இருக்காது, மாலை நான்கு மணிக்குக் கடைசிப் பேருந்து போய்விடும், பிள்ளையைச் சேர்க்கப் பள்ளி இருக்காது. இந்த நிலையில் ஆணை போட்டு ஒருவரை அனுப்பினாலும் மூன்று மாதத்தில் மருத்துவ விடுப்பில் போய்விடுவார், நீங்கள் எட்டாவது மனு எழுதுவீர்கள். எனவே குடியிருப்பின் நிலையைப் புகைப்படத்தோடு எழுதிவையுங்கள். பழுதுபார்ப்பு ஒருமுறைச் செலவு. ஊராட்சி ஒன்றிய நிதியிலோ, ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் வரும் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியிலோ செய்யக்கூடியது. அந்த நிதியிலிருந்து யாருக்கும் சம்பளம் கொடுக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். உறுப்பினரிடம் செவிலியரைக் கேட்டுவிட்டு, இயக்குநரிடம் கூரையைக் கேட்டுவிட்டு, இரண்டும் கிடைக்காமல் திரும்பிய ஊர்கள் உண்டு. உங்கள் தொகுதி உறுப்பினர் ‘குடியிருப்பை என் நிதியில் சீரமைத்துத் தருகிறேன்’ என்று ஒரு கடிதம் கொடுத்து, அது மனுவோடு இணைக்கப்பட்டிருந்தால், துறையிடம் நீங்கள் கேட்பது ஆள் மட்டும்தான் என்றாகிவிடும்.

சான்றுகளைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டும், ஏனெனில் நல்ல கோரிக்கைகள் பெரும்பாலும் இங்கேதான் தோற்கின்றன. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் மருத்துவர்கள் அபய் பங், ராணி பங் இணையர் ஊர் ஊராகப் பிறப்பையும் இறப்பையும் எண்ணினார்கள். பயிற்சி பெற்ற கிராமப் பெண்கள் வீட்டுக்கே சென்று பச்சிளம் குழந்தைகளைக் கவனித்தபோது இறப்பு பாதிக்கும் மேல் குறைந்ததை, அதே போன்ற பிற கிராமங்களோடு ஒப்பிட்டுக் காட்டி 1999-இல் வெளியிட்டார்கள். 2011-இல் அந்த முறை ‘ஆஷா’ எனப்படும் கிராம சுகாதாரப் பணியாளர்கள் வழியாக நாடு முழுவதற்குமான அரசுத் திட்டமாயிற்று. டெல்லியில் இருந்தவர்களை அசைத்தது அந்தக் கணக்குதான். உங்களிடம் அந்த அளவு ஆராய்ச்சியை யாரும் எதிர்பார்க்கப் போவதில்லை. ஆனால் 11 குக்கிராமங்களிலும் உங்கள் குழுக்கள் இருக்கின்றன. ஒரு 80 பக்க நோட்டு வாங்கினால் போதும்.

கடந்த மூன்று ஆண்டுகளின் ஒவ்வொரு பிரசவத்துக்கும் ஒரு வரி: மாதம், குக்கிராமம், எங்கே பிறந்தது, வலி எடுத்த நேரம், 108-ஐ அழைத்த நேரம், ஊர்தி வந்த நேரம், மருத்துவமனையை அடைந்த நேரம். தாயின் அட்டையில் பதிவு எண்ணும் பரிசோதனை நாள்களும் இருக்கும். ஊர்தியை அழைத்த நேரம் செல்பேசியில் கிடைக்கும். நினைவிலிருந்து சொல்லப்படும் நேரத்தை ‘சுமார்’ என்று குறித்துவிடுங்கள். செவிலியர் இருந்த மாதங்களையும் இல்லாத 26 மாதங்களையும் தனித்தனியாகக் கூட்டுங்கள். முதல் மூன்று மாதத்துக்குள் கர்ப்பத்தைப் பதிவு செய்தவர்கள் முன்பு எத்தனை பேர், இப்போது எத்தனை பேர் என்ற ஓர் ஒப்பீடே, ஒரு செவிலியர் இல்லாததன் விலையைக் காட்டிவிடும். அந்த எண் உங்களுக்குச் சாதகமாக இல்லாவிட்டாலும் மாற்றாதீர்கள்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை ஓர் ஊரிலிருந்து வந்த குழு, ஓராண்டில் தங்கள் பகுதியில் ஒன்பது தாய்மார்கள் இறந்ததாக உயர் அதிகாரி ஒருவர் முன் சொன்னது. தாய் இறப்பு ஒவ்வொன்றும் தனித்தனியே விசாரணை செய்யப்பட்டு மாவட்ட ஆட்சியர் வரை செல்கிற விஷயம் என்பதால் பதிவேடு என் கையிலேயே இருந்தது, இறந்தவர் ஒருவர். அந்த ஒருவர் இறந்தது முற்றிலும் தவிர்த்திருக்கக்கூடிய காரணத்தால். ஒன்பது என்று சொன்னதால் அந்த ஒருவரைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை. உங்கள் ஊரில் நடந்தது ஜீப்பில் இரண்டு பிரசவம், ஓர் இறப்பு. இரண்டு, ஒன்று என்பவை சிறிய எண்களாயிற்றே என்று வெட்கப்பட வேண்டாம். பெண்களின் பெயர்களை மட்டும் தாளில் எழுதாதீர்கள். குக்கிராமமும் மாதமும் போதும். சம்பந்தப்பட்டவரே வந்து பேச விரும்பினால் அது வேறு.

கூடுதல் பொறுப்புச் செவிலியரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ‘புதன்கிழமை மட்டும் வருகிறார்’ என்ற உங்கள் வாக்கியத்தை இப்படியே மேடையில் சொன்னால், அன்று மாலையே அவருக்குக் குறிப்பாணை போகும். அடுத்து அரசுப் பணியாளர் ஒழுங்கு விதிகளின் 17(அ), 17(ஆ) என்று நடவடிக்கைப் பேச்சு வரும். அவரைத் தண்டித்ததோடு உங்கள் மனுவின் மீது ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று எழுதப்பட்டுவிடும். இருக்கிற ஒருவரையும் இழந்துவிடுவீர்கள். ‘இரண்டு நிலையங்களுக்கும் ஒருவரே இருப்பதால் வாரத்தில் ஒரு நாள்தான் அவரால் வர முடிகிறது’ என்று சொல்லுங்கள், உண்மையும் அதுதான்.

பாம்புக்கடி இறப்பைத் தனி மனுவாகக் கொடுங்கள். இது இப்போது வலுவான கோரிக்கை. பாம்புக்கடி இறப்புகளை 2030-க்குள் பாதியாகக் குறைப்பது என்ற இலக்குடன் மத்திய அரசு 2024 மார்ச்சில் தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. தமிழ்நாடு அரசு அதே ஆண்டு நவம்பரில், 1939-ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டத்தின் கீழ் பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கியது. அதாவது உங்கள் ஊரில் நடந்தது போன்ற ஒவ்வொரு நிகழ்வும் பதிவாக வேண்டும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் சேர்த்துச் செயல்படும் எதிர்நச்சு மருந்தை, நஞ்சேறிய அறிகுறி தெரிந்தவுடன் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தொடங்கிவிட்டுப் பிறகு அனுப்புவதற்கு அரசின் சிகிச்சை வழிகாட்டுதல் இடம் தருகிறது. தொடங்காமல் 27 கிலோமீட்டர் கீழே அனுப்பியதில்தான் உயிர் போயிருக்கக்கூடும். இதை மருத்துவர் மீதான குற்றச்சாட்டாக எழுதாதீர்கள், ஏனெனில் அன்று என்ன அறிகுறி இருந்தது என்பது நம் இருவருக்குமே தெரியாது. மருந்து ஒவ்வாமையால் நோயாளி மயங்கிவிட்டால் தனியாக என்ன செய்வது என்ற அச்சம் இளம் மருத்துவர்களுக்கு உண்மையிலேயே உண்டு, எனக்கும் இருந்தது. மருந்து கையிருப்பும், ஒவ்வாமை வந்தால் கொடுக்கும் அட்ரினலின் மருந்தும், மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும் ஒருநாள் பயிற்சியும் கேளுங்கள். செலவு மிகக் குறைவு, புதிய பணியிடம் வேண்டாம், அரசாணை வேண்டாம். கூட்டத்திலேயே ‘செய்துவிடுகிறோம்’ என்று இயக்குநர் சொல்லக்கூடிய கோரிக்கை இது. ஒரு சிறிய வெற்றியோடு திரும்பினால் உங்கள் கூட்டமைப்புக்கும் தெம்பு வரும்.

பிரசவத்துக்கும் இதுபோல இடைக்கால ஏற்பாடு ஒன்று கேட்கலாம். மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் பிரசவ நாள் நெருங்கிய பெண்களும் உடன் வருபவரும் முன்கூட்டியே வந்து தங்குவதற்குக் காத்திருப்பு அறை இருக்கிறது. உங்கள் நிலையத்தில் இல்லையென்றால் அதைக் கேளுங்கள். இருந்தும் உங்கள் பெண்கள் போவதில்லை என்றால், வீட்டில் ஆட்டையும் மற்ற பிள்ளைகளையும் யார் பார்ப்பது என்ற கேள்வியை உங்கள் குழுக்களே முதலில் பேசித் தீர்க்க வேண்டியிருக்கும்.

இவற்றுக்கெல்லாம் கிராம சபைத் தீர்மானம் ஒன்று அடியில் இருக்கட்டும். அரசமைப்புச் சட்டத்தின் 11-ஆம் அட்டவணை ஊராட்சிகளுக்கு உரியவையாகப் பட்டியலிடும் 29 பொருள்களில், மருத்துவமனைகளும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் அடங்கிய சுகாதாரமும் ஒன்று. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கிராம சபை கூடுகிறது. குழு வருவதற்கு முன் இவற்றில் ஒன்று வந்தால் விடாதீர்கள். வராவிட்டால் பின்னர் நிறைவேற்றி நினைவூட்டலோடு அனுப்பலாம். ‘மருத்துவ வசதி செய்து தருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது’ என்ற வழக்கமான வரியை எழுதவிடாமல், பணியிடத்தின் பெயர், காலியான மாதம், மக்கள்தொகை மூன்றும் தீர்மானத்திலேயே இருக்கும்படி பார்த்து, தீர்மான எண்ணோடு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். வரவுசெலவுத் திட்டம் வழக்கமாக பிப்ரவரி, மார்ச்சில் வருவதால், பணம் தேவைப்படும் கருத்துருக்கள் அதற்குச் சில மாதங்கள் முன்பே துறையிலிருந்து புறப்பட்டுவிடும். ஆகவே அக்டோபர், நவம்பர் கிராம சபைகளுக்கு மற்றவற்றை விடக் கூடுதல் பயன் உண்டு.

மனுவின் உடல் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. பொருள் வரியை நான் இப்படி எழுதுவேன்: ‘மலைப்பகுதி துணை சுகாதார நிலையத்தில் 26 மாதங்களாகக் காலியாக உள்ள கிராம சுகாதார செவிலியர் பணியிடத்தை நிரப்பவும், நிரப்பும் வரை வாரம் மூன்று நாள் மாற்றுப் பணியில் செவிலியரை அனுப்பவும் வேண்டுதல்.’ அதன் கீழே மக்கள்தொகையும் விதிமுறையும் ஒரு பத்தி, உங்கள் நோட்டிலிருந்து எடுத்த எண்கள் ஒரு பத்தி, குடியிருப்பும் உறுப்பினர் கடிதமும் ஒரு பத்தி. இணைப்பாகத் தீர்மான நகல், தகவல் உரிமைப் பதில், முந்தைய ஏழு மனுக்களின் நாள்களும் பதில் எண்களும். மனு அனுப்ப வேண்டிய கடைசி நாள் மாவட்ட நிர்வாகத்தின் செய்திக் குறிப்பில் வரும். நேரில் கொடுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

கூட்டம் முடிந்ததும் வேலை முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். எந்த அலுவலர் அறிக்கை அனுப்ப வேண்டும் என்று குழு சொன்னதோ, அந்த அலுவலகத்துக்குப் பத்து நாள் கழித்துப் போய், உங்கள் கோப்புக்கு அந்த அலுவலகம் கொடுத்த ந.க. எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எண் இல்லாத தாளை யாரும் தேட மாட்டார்கள். எண் இருந்தால் இளநிலை உதவியாளர்கூட இரண்டு நிமிடத்தில் எடுத்துச் சொல்லிவிடுவார். மாதம் ஒருமுறை, அந்த எண்ணைக் கடிதத்தின் மேலே ‘பார்வை’ என்ற வரியில் குறிப்பிட்டு நான்கு வரியில் நினைவூட்டல் அனுப்புங்கள். நீதிமன்றம் போகலாமா என்று யாராவது சொன்னால் இப்போது வேண்டாம் என்பேன். அவசரச் சிகிச்சை தராமல் திருப்பி அனுப்புவது வாழ்வுரிமையை மீறுவது, நிதி இல்லை என்பது அதற்குப் பதிலாகாது என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் மேற்கு வங்க வழக்கொன்றில் சொல்லியிருக்கிறது. அந்தக் கதவு திறந்தே இருக்கும். ஆனால் வழக்கு நிலுவையில் உள்ள பொருளை மனுக்கள் குழு எடுத்துக்கொள்ளாது.

யார் பேசுவது என்று கேட்டிருந்தீர்கள். தலைமை ஆசிரியர் நல்ல மனத்தோடுதான் முன்வந்திருக்கிறார். அவரை உடன் அழைத்துப் போங்கள், மனுவை எழுதவும் எண்களைச் சரிபார்க்கவும் அவரைப் போன்ற ஒருவர் தேவை. ஆனால் பேச்சை நீங்களே தொடங்குங்கள். நன்றாகப் பேசத் தெரிந்தவர்களின் பேச்சை அந்த மேசையில் இருப்பவர்கள் நாள் முழுவதும் கேட்டுக் களைத்திருப்பார்கள். ஜீப்பில் அந்தப் பெண்ணின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர் உங்கள் குழுவில் யாரோ ஒருவர் இருப்பார் அல்லவா, அவர் எத்தனை மணிக்குப் புறப்பட்டோம், எந்த வளைவில் குழந்தை பிறந்தது என்று உங்கள் மலைப் பேச்சிலேயே இரண்டு நிமிடம் சொல்லட்டும். அடுத்த மூன்று நிமிடத்தில் நீங்கள் அந்த ஒரு பக்கத்தைப் படியுங்கள். மீதி ஐந்து நிமிடத்தை அவர்களுடைய கேள்விகளுக்கு விட்டுவிடுங்கள். வட்டார மருத்துவ அலுவலர் அறையில் இருந்தால், ஒரு கேள்வியாவது அவர் பக்கம் திரும்பும். மூன்று வாரங்களுக்கு முன்பே நீங்கள் அவரைப் பார்த்துவிட்டிருப்பீர்கள்.